முனியம்மாளுக்கு ஒன்றும் தெரியாது

"உங்கள யாருங்க நயினாரே அப்படி எழுதச் சொன்னது? ஒரே வரி, இதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு போட்டிருந்தா..."

"உள்ளதத்தான எழுதினேன்! உன்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த..."

"நல்லதா எழுதி என் பொழப்புல மண்ணப் போட்டீங்களே! சும்மா உக்காந்துனு இருக்குது, கையில கெடைக்கறதப் பொறுக்குதுன்னு எழுதியிருக்கலாமில்ல..."

"பொய் எழுதச் சொல்றியா? எங்க வீட்ல பொய் எழுதற வழக்கம்..."

"பத்து வருசமா அடுத்த தைக்குக் கூலி ஏத்தறேன்னு சொல்லிக்கினு வர்றீங்களே, அது இன்னாங்க நயினாரே, மெய்யா?"

"சண்டைய எறங்கினப்புறம் போட்டுக்குங்க. டிக்கெட்டு, டிக்கெட்டு" என்றார் கண்டக்டர்.

"விழுப்புரம் ரெண்டு" என்றார் நேமிராஜ்.

டிக்கெட் வாங்குகிற நேரத்துக்கு நேமிராஜும் முனியம்மாளும் சண்டையை நிறுத்தினார்கள். பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் போய் நின்றது.

சமண நயினாரான நேமிராஜுக்குத் திண்டிவனத்தில், செஞ்சி ரோட்டில் மல்லாட்டை ஷெட். உடைத்துக் கொட்டிய நிலக்கடலைப் பருப்பிலிருந்து சொத்தை, பூஞ்சை, சுருங்கல், கல் எல்லாவற்றையும் ஆறு பெண்கள் உட்கார்ந்து பொறுக்கி எடுப்பார்கள். மிச்சம் விதைக்குப் போகும். ஆறு பேரில் மூத்தவள் முனியம்மாள். இரண்டு முட்டியும் தேய்ந்தவள். நடவுக்குக் குனிய முடியாது. நூறு நாள் வேலையில் மண் தூக்க முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலை அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு இது ஒன்றுதான். இது போனால் வேறு இல்லை. அது அவளுக்கும் தெரியும், நேமிராஜுக்கும் தெரியும்.

அந்த வருஷம் அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை ஏற்றி ஆணை போட்டது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆறு பெண்களும் டீக்கடையில் ஆளுக்கொரு போண்டா வாங்கித் தின்றார்கள். நேமிராஜ்கூட ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, "திறன் பெறாதவர்னு போட்டிருக்கற கூலின்னா பல்லக் கடிச்சிக்கினு குடுத்துடலாம்" என்று மனைவி சந்திரவதியிடம் சொன்னார்.

ஆணையின் கடைசிப் பக்கத்தை அவர் அப்போது படித்திருக்கவில்லை. முதலாளிகள் தொழிலாளிகளின் திறமையைக் குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடக் கூடாது என்கிற நல்ல எண்ணத்தில் அதில் ஒரு விதி இருந்தது. ஒருவர் திறன் பெறாதவர் என்றால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் எல்லாரும் முதல் நிலைத் திறனாளர், உச்சக் கூலி. ஒரு ஷெட்டுக்கு ஒருவரைச் சோதித்தால் போதும். அவருக்கு வருகிற நிலைதான் மற்றவர்களுக்கும்.

விண்ணப்பத்தில் 'வேலை விவரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில்தான் நேமிராஜ் எழுதிவிட்டார்: 'கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளினால் அதில் சொத்தை எத்தனை என்று சொல்லிவிடுவார். இவரைப் போல் ஒருவர் இந்த ஜில்லாவில் கிடையாது.'

எழுதும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

*

கூலி வகைப்பாடு மற்றும் கூலி உயர்வு நல்விளைவு மதிப்பீட்டு அலுவலகம் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை முன்சுவரில் அடங்காமல் பக்கத்துச் சந்துக்குள் திரும்பியிருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் 'கூலி வகைப்பாடு மற்றும் கூலி' வரைக்கும் தெரியும். நல்விளைவைப் பார்க்கச் சந்துக்குள் போக வேண்டும்.

எழுத்தர் சவுரிராயன் நல்ல மனுஷன். நாற்பது படி ஏறி வந்து மூச்சு வாங்கினவளுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரு நீளமான தாளை எடுத்தார்.

"இது தெரியாத வேலைகளின் பட்டியல். நான் கேக்கறதுக்கெல்லாம் தெரியாதுன்னு சொல்லிக்கினே வாங்க. கப்பல் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எக்ஸ்ரே எடுக்க?"

"தெரியாதுங்க."

"நல்லாப் போய்க்கினு இருக்குது. கணக்கு எழுத? கண்ணாடி அறுக்க? குதிரைக்கு லாடம் அடிக்க?"

"எதுவுமே தெரியாதுங்கய்யா."

"மல்லாட்டை பொறுக்க?"

முனியம்மாள் நேமிராஜைப் பார்த்தாள். நேமிராஜ் ஃபேனைப் பார்த்தார்.

"அது... சும்மா பொறுக்குவேங்க. எல்லாரும் பொறுக்கற மாதிரி."

"சும்மான்னு எழுதிக்கறேன். இங்க ஒரு கையெழுத்து." அவள் பேனாவை வாங்கவும் சவுரிராயன் பதறிவிட்டார். "ஐய, கையெழுத்துப் போடத் தெரியுமா? யாருமா உங்களுக்குக் கத்துக் குடுத்தது?"

"அறிவொளியிலங்க. அப்ப நான் கொமரிப் பொண்ணு."

"பேஜாராப் போச்சே. போடாதீங்க. அதுக்குத் தனி மார்க்கு இருக்குது, திறன் பெறாதவர்லருந்து நேரா ரெண்டாம் நிலைக்கு ஏறிடுவீங்க. கைநாட்டு வெச்சிடுங்க. அதான் பாதுகாப்பு."

முனியம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைநாட்டு வைத்தாள். நன்றாகத்தான் வைத்தாள். சவுரிராயன் அதைக் கொஞ்சம் கலைத்துவிட்டார்.

"ஆபீசர் எப்பங்க கூப்புடுவாரு?" என்றார் நேமிராஜ். "நான் பொழுது சாயறதுக்குள்ள சாப்பாட்ட முடிச்சிக்கணும். அதுக்கு மேல தண்ணிதான்."

"இப்பக் கூப்ட்ருவாரு" என்றார் சவுரிராயன். அப்போது மணி பதினொன்று.

நான்கு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

*

அலுவலர் அரங்கநாதன் எழுதிவைத்துப் பேசுவது போலவே பேசுவார். மேஜை மேல் ஒரு தட்டில் நேமிராஜ் மாதிரிக்குக் கொண்டுவந்த மல்லாட்டைப் பருப்பு இருந்தது. காலையிலிருந்து அதில் பாதி குறைந்திருந்தது.

"அமருங்கள் அம்மா. இது பரீட்சை அல்ல, பயப்படாதீர்கள். உங்களுக்குத் திறமை இல்லை என்பதை நீங்கள் எங்களுக்கு நம்பும்படியாக நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். பலபேர் இங்கேதான் தவறிவிடுகிறார்கள். இந்தத் தட்டில் நல்லதைத் தனியாக எடுங்கள். அவசரமில்லை."

படியேறும்போதே நேமிராஜ் சொல்லியிருந்தார்: "தப்புத் தப்பாப் பொறுக்கு முனிம்மா. நான் பொய் சொல்ல மாட்டேன். நீ பண்ணிக்கோ."

முனியம்மாள் பொறுக்கினாள். சொத்தையை எடுத்து நல்லதோடு போட்டாள். போட்ட கை திரும்பப் போய் அதை எடுத்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். சுருங்கல் நான்கை நல்லதில் தள்ளிவிட்டுக் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வேர்த்துவிட்டது. இருபது வருஷத்தில் இவ்வளவு கஷ்டப்பட்டு அவள் வேலை செய்ததில்லை.

"பரவாயில்லையே" என்று அலுவலர் பாராட்டினார். "மிகவும் சுமாராகச் செய்கிறீர்கள். சவுரிராயன், திறன் பெறாதவர் என்று எழுதத் தொடங்குங்கள்."

சொல்லிக்கொண்டே தட்டிலிருந்து நாலு பருப்பை அள்ளி வாயருகே கொண்டுபோனார்.

"ஐயோ, போடாதீங்க!" முனியம்மாள் எழுந்து மேஜைக்கு மேலாக எட்டி அவர் கையைத் தட்டிவிட்டாள். பருப்பு நாலும் கோப்புகள்மேல் சிதறின. "அந்த நடுவுல இருந்தது பூஞ்சைங்கய்யா! வயித்துக்குள்ள போனா ராவெல்லாம் படாத பாடு படுத்திடும்!"

சவுரிராயன் எழுதுவதை நிறுத்தினார். அலுவலர் குனிந்து அந்த ஒன்றைத் தேடி எடுத்து, உடைத்து, முகர்ந்து பார்த்தார். உள்ளே பச்சையாக இருந்தது.

"மேலே தோல் சுத்தமாக இருக்கிறது. அங்கிருந்து உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"பாத்தாலே தெரியுதேங்கய்யா."

நேமிராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"சவுரிராயன், எழுதியதை அடியுங்கள். முதல் நிலைத் திறனாளர்." அலுவலர் எழுந்து நின்று கைகூப்பினார். "அம்மா, இத்தனை வருஷமாக இந்தச் சமூகம் உங்களைக் கூலிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தது. இந்த அலுவலகம் ஒரே நாளில் உங்கள் மதிப்பைக் கண்டுபிடித்திருக்கிறது. இன்றிலிருந்து உங்களை அதற்குக் குறைவான கூலிக்கு வேலைக்கு வைக்க யாராலும் முடியாது."

"அதாங்கய்யா பயமா இருக்குது."

"பயம் வேண்டாம். சட்டம் அதைப் பார்த்துக்கொள்ளும்."

"சார்" என்றார் நேமிராஜ். "திறன் பெறாதவர் கூலின்னா எப்படியோ சமாளிச்சிருப்பேன். ஆறு பேருக்கும் முதல் நிலைன்னா முடியாது சார். விதைக் கம்பெனிக்காரன் எனக்கு ஒரு பைசா கூடக் குடுக்க மாட்டேன்றான். யாரு சார் குடுக்கறது?"

"நல்ல கேள்வி. ஆனால் கூலி எவ்வளவு என்பதுதான் எங்கள் பிரிவு. அதை யார் கொடுப்பார்கள் என்பதற்கு ஒரு தனிப் பிரிவு வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறோம். மூன்று பணியிடம் கேட்டிருக்கிறோம். அநேகமாக ஒன்று கிடைக்கும்."

*

திரும்பி வருகிற பஸ்ஸில் இருட்டிவிட்டது. இப்பக் கூப்பிடுவார் என்று காத்திருந்ததில், சந்திரவதி கட்டிக்கொடுத்த சோற்றை நேமிராஜ் தொடவே இல்லை.

"நீங்க துண்ணலியா?"

"பொழுது போயிடுச்சி. நீ துண்ணு."

அவள் டிபன் பாக்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை.

"அந்தாளு வாயில போட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றார் நேமிராஜ். "ஒருநாள் வயித்தால போயிருக்கும். நமக்கு வேல நெலச்சிருக்கும்."

"கண்ணெதிர போடறாருங்களே நயினாரே. எப்படிப் பாத்துக்கினு இருக்கறது?"

"அது சரி."

"நான் பழைய கூலியே வாங்கிக்கறேன். யார்கிட்டயும் வாய் தொறக்க மாட்டேன். அவளுங்களும் அப்படித்தான்."

"புடிச்சாங்கன்னா ஷெட்டுக்கு சீல் வெச்சிடுவாங்க. அதுவுமில்லாம ரிஜிஸ்டர்ல ஒண்ணு எழுதி, கையில ஒண்ணு குடுக்கறது பொய்யில்ல?"

நேமிராஜின் சத்தியத்துக்கு அவருக்குச் செலவில்லாத இடங்களில் நல்ல உறுதி இருந்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அநேகம்பேருக்கு அந்த அளவுகூட இல்லை.

"அந்தக் கூலி அதிகம்னு நான் சொல்லலீங்க" என்றாள் முனியம்மாள். "அவுங்க போட்டிருக்கறது நாயமான கூலிதான். இன்னிக்கு அரிசி விக்கற வெலைக்கு அது இல்லாம முடியாதுதான்."

"நானும் அதிகம்னு சொல்லலியே. என்கிட்ட இல்லன்றேன்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணத்தான சொல்றோம். எதுக்குக் காலைலருந்து சண்ட போட்டுக்கினு இருக்கறோம்?"

அதற்கு நேமிராஜ், "டோல்கேட்டு வந்துடுச்சி" என்றார்.

*

அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து பொறுக்குகிற மெஷின் வந்தது. பருப்பை மேலே கொட்டினால் கேமரா பார்த்து, நிறம் மாறினதைக் காற்றால் ஊதித் தள்ளும். நேமிராஜ் அதைத் தவணையில் வாங்கியிருந்தார். ஆறு பெண்களும் ஒரு ஓரமாக நின்று பார்த்தார்கள்.

"இதுக்குச் சான்றிதழ் வாணாங்களா?" என்று கேட்டாள் குப்பம்மாள். ஆறு பேரில் அவளுக்குத்தான் வாய் ஜாஸ்தி.

"கேட்டேன்" என்றார் நேமிராஜ். "கூலி வாங்காத எதுக்கும் வாணாமாம்."

"மேல தோலு சுத்தமா இருந்து உள்ள பூஞ்சையா இருந்தா இன்னா பண்ணும்?"

"விட்டுடும்."

"அதுக்கு மட்டும் தெரியலன்னா பரவால்லியா?"

நேமிராஜ் ஆளுக்கொரு புடவையும் ஒரு மாதக் கூலியும் கொடுத்தார். கொடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. மற்ற ஐந்து பேர் கையும் காலும் நன்றாக இருந்ததால் களை பறிக்கவும் சித்தாள் வேலைக்கும் போனார்கள். அங்கெல்லாம் எந்த அலுவலகமும் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

முனியம்மாள் விக்கிரவாண்டி ரோட்டோர ஓட்டல் ஒன்றில் காய் நறுக்குகிற வேலை கேட்டுப் போனாள். உட்கார்ந்து நறுக்கலாம். முதலாளி ஆதார் நம்பரைப் போனில் தட்டிப் பார்த்தார். பார்த்ததும் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

"யம்மா, முதல் நிலைன்னு வருதே! உங்களுக்குக் குடுக்கற கூலிக்கு நான் ரெண்டு மாஸ்டர் வெச்சிக்குவேன். டீ சாப்புட்டுப் போங்க."

அடுத்த ஓட்டலில் டீ கொடுக்கவில்லை. பதில் அதேதான்.

அவள் மறுபடி நாற்பது படி ஏறினாள்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மறந்துபோச்சிங்கய்யா" என்றாள் அலுவலரிடம். "அந்த நிலைய எடுத்துடுங்க."

"மறந்துவிட்டதற்கு ஆதாரம்?"

"மறந்துபோனதுக்கு எப்படிங்க ஆதாரம் காட்டறது?"

"அதுதான் சிக்கல். ஆனால் விதியில் இடம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்." அலுவலர் புத்தகத்தைப் புரட்டினார். "இதோ. தொடர்ந்து மூன்று வருஷம் எந்த வேலையும் செய்யாமல் இருந்தால் திறன் தானாகவே காலாவதி ஆகிவிடும். பிறகு நீங்கள் திறன் பெறாதவர். தாராளமாக வேலைக்குப் போகலாம்."

"மூணு வருசம் இன்னா துண்றதுங்கய்யா?"

"அது உணவு வழங்கல். வேறு அலுவலகம். பஸ் ஸ்டாண்டு தாண்டி வலது கைப் பக்கம்."

வெளியே வரும்போது சவுரிராயன் படிவரைக்கும் கூட வந்தார். "கைநாட்டு வெச்சப்பவே நெனச்சேன்மா, ஒண்ணும் தெரியாதவங்கன்னு பாஸாயிடுவீங்கன்னு" என்றார். "கண்ணு முழிய மட்டும் மறைக்க முடியல உங்களால."

*

தை மாதக் கடைசியில் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூலி உயர்வு நல்விளைவு விழா நடந்தது. நேமிராஜ் நயினார் மேடையில் உட்கார்ந்திருந்தார். வர மாட்டேன் என்றுதான் சொன்னார். வராதவர்களின் ஷெட்டை ஆய்வு செய்வோம் என்று மரியாதையாகக் கடிதம் போட்டிருந்தார்கள். முனியம்மாளை ஜீப் அனுப்பிக் கூட்டி வந்து முதல் வரிசையில் உட்காரவைத்து, அவள் நாற்காலியின் பின்னால் 'பயனாளி' என்று ஒரு சீட்டு ஒட்டினார்கள்.

அரங்கநாதன் பேசினார்.

"சென்ற ஆண்டு இந்தத் திண்டிவனம் ஷெட்டில் ஆறு பெண்கள் குறைந்த கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தலையிட்டோம். இன்று அந்த ஷெட்டில் குறைந்த கூலி வாங்குபவர் ஒருவர்கூட இல்லை!"

கைதட்டினார்கள்.

"சார்" என்று நேமிராஜ் மெல்ல எழுந்தார். "ஷெட்ல யாருமே இல்ல சார்."

"அதைத்தானே நானும் சொல்கிறேன். உட்காருங்கள்." அலுவலர் சபையின் பக்கம் திரும்பினார். "ஒரு புகார் இல்லை. ஒரு மீறல் இல்லை. கூலி நிலுவை என்ற பேச்சே இல்லை. ஒரு தொழிற்கூடம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இது முன்மாதிரி. மாவட்டத்தில் எல்லா ஷெட்டும் இந்த நிலையை எட்டிவிட்டால் எங்கள் பணி முழுமை பெறும். அந்த நாளுக்காகத்தான் நாங்கள் இரவு பகலாக உழைக்கிறோம்."

நேமிராஜுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதை அவர் ஈரத்துணியைப் பிடிப்பது போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு முனியம்மாளைக் கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்தார்கள். போட்டோ எடுப்பவர் இரண்டு தடவை சிரிக்கச் சொன்னார். அவள் இரண்டு தடவையும் சிரித்தாள்.

"இந்த அம்மையாரின் கூலி" என்றார் அலுவலர், "இன்று இந்த மாவட்டத்தில் பருப்புத் தொழிலிலேயே உயர்ந்த கூலி. அம்மா, கூச்சப்படாமல் இரண்டு வார்த்தை பேசுங்கள்." மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

முனியம்மாள் மைக்கைப் பார்த்தாள். அலுவலரைப் பார்த்தாள். கேலி எதுவும் அவள் முகத்தில் இல்லை. வழி விசாரிக்கிறவளைப் போலத்தான் கேட்டாள்.

"அந்தக் கூலி எந்த ஊர்லங்கய்யா குடுக்கறாங்க? சொன்னீங்கன்னா, நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கே கெளம்பிடுவேன்."